ஏபிஐ பிழை கொடுத்தால் உங்கள் நிரல் என்ன செய்ய வேண்டும்?

வேறொருவருடைய சர்வரிடம் ஏபிஐ வழியாக (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல் அது) தகவல் கேட்டு வாங்கும் நிரலை எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே வெற்றி பெற்றுவிடுகிறார்கள். பைத்தானில் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை அழைத்து, முகவரியைக் கொடுத்து, வந்த ஜேசனை (தகவலைப் பெயரும் மதிப்புமாக அடுக்கித் தரும் உரை வடிவம்) பிரித்தெடுக்க மூன்று வரிகள் போதும். அந்த மூன்று வரிகளிலும் தவறு எதுவும் கிடையாது. ஆனால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் நாளை மட்டும் மனத்தில் வைத்து எழுதியவை அவை. இணைப்பு நடுவில் அறுந்தால், சர்வர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், கேட்ட பொருள் நீக்கப்பட்டிருந்தால், ஒரு மணி நேரத்துக்கு அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று அவற்றில் ஒரு சொல்கூட இல்லை.

அந்த விடுபட்ட பகுதியை எப்படி எழுதுவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிழை வரும்போதும் நிரல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதே கோரிக்கையை இப்படியே மறுபடியும் அனுப்பினால் பதில் மாறுமா? மாறும் என்றால் கொஞ்சம் காத்திருந்து அனுப்பலாம். மாறாது என்றால் உடனே நிறுத்திவிட்டு, அதைத் திருத்தக்கூடியவர் யாரோ அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கான வழிகள்.

எடுத்துக்காட்டுகளைப் பைத்தானில், ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியை வைத்துச் சொல்கிறேன். கேள்வி கேட்கும் இடங்களாக, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐயையும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐயையும் எடுத்துக்கொள்வோம். பொதுவில் உள்ள தகவல்களை இரண்டிலுமே கணக்குத் தொடங்காமல் படிக்கலாம் என்பதால் புதியவர்கள் இன்றே முயன்று பார்க்க முடியும்.

முதல் படி: எந்த இடத்தில் அறுந்தது?

ஒரு கோரிக்கை போய்த் திரும்புவதற்குள் பல கட்டங்களைக் கடக்கிறது. தளத்தின் பெயர் ஐபி முகவரியாக மாற வேண்டும். அந்த முகவரியோடு இணைப்பு ஏற்பட வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்க்கப்பட வேண்டும். கோரிக்கை போய்ச் சேர்ந்து, சர்வர் தன் வேலையைச் செய்து, முடிவைச் சொல்லும் மூன்று இலக்க நிலைக் குறியீட்டையும், ஹெடர்கள் என்ற கூடுதல் குறிப்புகளையும் அனுப்ப வேண்டும். அதன் பின்னால் உள்ளடக்கம் வர வேண்டும். வந்த உள்ளடக்கம் நாம் எதிர்பார்த்த வடிவத்தில் இருக்க வேண்டும்.

இதில் நிலைக் குறியீடு வந்து சேரும் கட்டத்தை ஓர் எல்லைக்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எங்கே அறுந்தாலும் ரிக்வெஸ்ட்ஸ் ஓர் எக்ஸெப்ஷனை எறியும், அதாவது பிழை என்று அறிவித்து நிரலின் ஓட்டத்தை முறிக்கும். பெயரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் இணைப்பு மறுக்கப்பட்டாலும் கனெக்‌ஷன்எரர். நேரம் கடந்தால் டைம்அவுட். சான்றிதழில் சிக்கல் என்றால் எஸ்எஸ்எல்எரர். இவை எல்லாமே ரிக்வெஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற தாய் வகையின் கீழ் வருபவை. ஆனால் குறியீடு வந்து சேர்ந்துவிட்டால், அது 404 ஆனாலும் 500 ஆனாலும், ரிக்வெஸ்ட்ஸ் எதையும் எறியாது. ஒழுங்காக வந்த பதிலைப் போலவே அதை உங்கள் கையில் கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச்சும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதே மொழியின் இன்னொரு லைப்ரரியான ஆக்சியோஸ் நேர்மாறானது: 200களுக்கு வெளியே எந்தக் குறியீடு வந்தாலும் அதைப் பிழையாக எறியும். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி இந்த இரண்டில் எந்த வகை என்பதை முதல் வரி எழுதும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். புதியவர்களின் நிரல்களில் நான் பார்க்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன.

இந்த இடத்தில் பைத்தான்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. கனெக்‌ஷன்எரர் என்ற பெயரில் பைத்தானுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ரிக்வெஸ்ட்ஸில் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. முன்னால் லைப்ரரியின் பெயரைச் சேர்க்காமல் வெறும் கனெக்‌ஷன்எரர் என்று பிழையைப் பிடிக்கும் எக்செப்ட் வரியில் எழுதினால், பைத்தானுடைய சொந்தப் பிழையைத்தான் அது பிடிக்கும். ரிக்வெஸ்ட்ஸ் எறிந்தது அதில் சிக்காமல் நழுவிப்போய் நிரலை நிறுத்திவிடும். எழுத்துப்பிழை இருக்காது, நிரல் எச்சரிக்கையும் காட்டாது. அதனால் இதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம் அநியாயமானது.

சான்றிதழ்ப் பிழைக்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு, சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. அதைச் செய்யாதீர்கள். அணைத்துவிட்டால் எதிரே இருப்பது உண்மையில் கிட்ஹப்தானா, நடுவில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறவரா என்று தெரியாமலே நீங்கள் யார் என்று காட்டும் ரகசிய டோக்கனை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். முதலில் கணினியின் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி தவறாக இருந்தால் செல்லுபடியாகும் சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். அலுவலக நெட்வொர்க் என்றால் கோரிக்கைகளை நடுவில் நின்று கடத்தும் ப்ராக்ஸி சர்வர் தன் சொந்தச் சான்றிதழைச் செருகியிருக்கலாம். அப்போது அந்த நிறுவனச் சான்றிதழை வாங்கி முறையாகச் சேர்ப்பதுதான் வழி.

இரண்டாம் படி: காத்திருப்பதற்கு எல்லை வையுங்கள்

ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. நீங்கள் சொல்லாவிட்டால் அது காத்துக்கொண்டே இருக்கும். சர்வர் இணைப்பை ஏற்றுக்கொண்டு, அதன் பின் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், உங்கள் நிரலும் பிழை காட்டாமல், முடியாமல், லாக்கில் (நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பு) ஒரு வரிகூட எழுதாமல் அப்படியே நின்றுவிடும். பிழை கொடுத்து நிற்கும் நிரலை யாராவது கவனிப்பார்கள். சத்தமில்லாமல் உறைந்துபோன நிரலை மறுநாள்வரை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே வெளியே போகும் எந்தக் கோரிக்கையிலும் டைம்அவுட் இல்லாமல் இருக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு எதையும் நான் ஏற்பதில்லை.

டைம்அவுட்டுக்கு இரண்டு எண்களைக் கொடுக்கலாம். முதலாவது, இணைப்பு ஏற்படக் காத்திருக்கும் நேரம். இரண்டாவது, இணைந்த பிறகு தகவலுக்காகக் காத்திருக்கும் நேரம். ரிக்வெஸ்ட்ஸின் ஆவணம் 3.05, 27 என்று ஒரு சோடியை எடுத்துக்காட்டாகத் தருகிறது. அந்த 3.05க்குக் காரணம் உண்டு: தொலைந்த டிசிபி பொட்டலத்தை (இணையத்தில் தகவல் பயணிக்கும் துண்டு) மறுபடி அனுப்பும் கால இடைவெளி 2011 வரை இணைய நெறிப்படி 3 விநாடியாக இருந்ததால், 3இன் மடங்கைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்தால் இரண்டாவது பொட்டலத்துக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

இரண்டாவது எண்ணைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 27 என்றால் மொத்தப் பதிலும் 27 விநாடிக்குள் வந்து சேர வேண்டும் என்று பொருள் அல்ல. தகவலின் ஒரு துணுக்குக்கும் அடுத்த துணுக்குக்கும் நடுவில் அதிகபட்சம் 27 விநாடி இடைவெளி இருக்கலாம் என்றுதான் பொருள். 20 விநாடிக்கு ஒரு பைட் வீதம் சொட்டிக்கொண்டிருக்கும் சர்வரிடம் இந்த டைம்அவுட் ஒருபோதும் தூண்டப்படாது. மொத்த நேரத்துக்கு எல்லை வேண்டுமென்றால் அதை நீங்கள் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

எச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இயல்பாகவே 5 விநாடி எல்லை இருக்கிறது. ஆனாலும் எண்ணை வெளிப்படையாக எழுதுவது நல்லது. பிறகு படிக்கிறவருக்கு உங்கள் முடிவு தெரியும்.

மூன்றாம் படி: குறியீட்டைப் படியுங்கள்

பதில் வந்ததும் ரெய்ஸ்_ஃபார்_ஸ்டேட்டஸ் என்ற முறையை அழைத்தால், குறியீடு 400 முதல் 599க்குள் இருக்கும்போது எச்டிடிபிஎரர் எறியப்படும். புதியவர்கள் குறைந்தபட்சம் இந்த ஒரு வரியையாவது எழுதப் பழக வேண்டும். அதற்கு அடுத்த நிலை, எந்தக் குறியீட்டுக்கு என்ன செய்வது என்று பிரிப்பது. அறுபதுக்கு மேற்பட்ட குறியீடுகள் இருந்தாலும் அன்றாடம் எதிர்ப்படுபவை ஒரு கைப்பிடிதான்.

400, 422 இரண்டும் நாம் அனுப்பியதில் தவறு என்று சொல்பவை. மறுபடி அனுப்பினாலும் அதே பதில்தான். உள்ளடக்கத்தைப் படித்துப் பாருங்கள். எந்தப் புலத்தில் என்ன தவறு என்று பெரும்பாலான ஏபிஐகள் அங்கே சொல்லிவிடுகின்றன. கிட்ஹப் 422 கொடுக்கும்போது, தவறான புலங்களின் பட்டியலையும் சேர்த்தே தரும். இதற்கென்று ஒரு பொது வடிவமும் இருக்கிறது: 2023 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 9457 என்ற இணைய நெறி ஆவணம், பிழை விவரத்தை எந்த ஜேசன் அமைப்பில் தர வேண்டும் என்று வரையறுக்கிறது. எல்லோரும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆனாலும் குறியீட்டை மட்டும் லாக்கில் எழுதி உள்ளடக்கத்தைத் தூக்கி எறிவது, சர்வர் சொன்ன விளக்கத்தைக் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம்.

401 என்றால் நீங்கள் யார் என்று சர்வருக்குத் தெரியவில்லை: டோக்கன் இல்லை, தவறானது, அல்லது காலாவதியாகிவிட்டது. 403 என்றால் யார் என்று தெரிகிறது, ஆனால் இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. 401க்கு ஒரு முறை டோக்கனைப் புதுப்பித்து முயலலாம். அதற்கு மேல் வேண்டாம். தவறான டோக்கனோடு குறுகிய நேரத்தில் பல முறை மோதினால், கிட்ஹப் சிறிது காலத்துக்குச் சரியான டோக்கனையும் சேர்த்து 403 கொடுத்து நிராகரிக்கும். கண்மூடித்தனமாக மறுமுயற்சி செய்யும் நிரல் தன் கதவைத் தானே பூட்டிக்கொள்கிறது.

404க்கு வருவோம். முகவரியில் தவறு இருக்கலாம், பொருள் நீக்கப்பட்டிருக்கலாம் என்பதெல்லாம் தெரிந்ததே. கிட்ஹப்பில் இன்னொரு காரணமும் உண்டு. உங்களுக்கு அனுமதி இல்லாத தனியார் களஞ்சியத்தை (நிரல் கோப்புகளின் தொகுப்பு) கேட்டால் அது 403 சொல்லாது, 404 சொல்லும். அப்படி ஒரு களஞ்சியம் இருக்கிறது என்பதையே அந்நியருக்கு உறுதிப்படுத்தக் கூடாது என்பது அதன் கொள்கை. உலாவியில் திறந்தால் தெரிகிறது, நிரலில் மட்டும் 404 வருகிறது என்று குழம்புகிறவர்கள் முகவரியை ஆராய்வதை விட்டுவிட்டு டோக்கனின் அனுமதிகளைப் பார்க்க வேண்டும்.

429, நீங்கள் அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்பதன் அடையாளம். 2012இல் ஆர்எஃப்சி 6585 மூலம் முறைப்படி சேர்க்கப்பட்டது. கிட்ஹப்பில் அடையாளம் காட்டாமல் கேட்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 60 கோரிக்கைகள். தனிநபர் டோக்கனோடு கேட்பவருக்கு 5,000. அளவு தீர்ந்தால் கிட்ஹப் 429 தரலாம், 403உம் தரலாம். ஆகவே 403 வந்தால் உடனே அனுமதிச் சிக்கல் என்று முடிவுகட்டாமல், எக்ஸ்-ரேட்லிமிட்-ரிமெய்னிங் என்ற ஹெடரைப் பாருங்கள். அதில் பூஜ்யம் இருந்தால் சிக்கல் அளவுதான். எக்ஸ்-ரேட்லிமிட்-ரீசெட் ஹெடரில், அளவு மறுபடி எப்போது நிரப்பப்படும் என்பது 1970 முதல் எண்ணிய விநாடிகளாக இருக்கும். அதுவரை பேசாமல் இருப்பதுதான் சரி.

500 என்றால் சர்வருக்குள் ஏதோ உடைந்திருக்கிறது. 502, 504 இரண்டும் முன்னால் நிற்கும் சர்வர், பின்னால் உள்ள சர்வரிடமிருந்து உருப்படியான பதிலைப் பெறவில்லை என்பவை. 503 தற்காலிகமாகச் சேவை இல்லை என்பது. பின் மூன்றும் காத்திருந்தால் சரியாக வாய்ப்புள்ளவை. 500ஐப் பொறுத்தவரை என் கருத்து: ஒரு முறை முயலுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் கோரிக்கையில் உள்ள ஏதோ ஒரு மதிப்புதான் சர்வரில் உள்ள பிழையைத் தூண்டுகிறது என்றால் நூறு முறை அனுப்பினாலும் 500தான் வரும்.

வேறு முகவரிக்குப் போகச் சொல்லும் 300களை ரிக்வெஸ்ட்ஸ் தானே பின்தொடர்ந்துவிடும். ஒரே ஒரு கண்ணி: போஸ்ட் கோரிக்கைக்கு (தகவலை அனுப்பிப் பதியும் முறை) 301 அல்லது 302 வந்தால், புதிய முகவரிக்கு அது கெட் (தகவலைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் முறை) ஆக மாறிப் போகும். முகவரியில் எச்டிடிபிஎஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் கடைசி எழுத்தை விட்டுவிட்டால், அனுப்பிய தகவல் வழியிலேயே கழன்றுபோவது இதனால்தான்.

நான்காம் படி: 200 வந்தாலும் உள்ளே பாருங்கள்

200 வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிட முடியாது. விமான நிலையத்திலோ விடுதியிலோ உள்ள வைஃபையில் உள்நுழையாமல் கேட்டால், உங்கள் ஏபிஐயின் பதில் வர வேண்டிய இடத்தில் அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கம் 200 குறியீட்டோடு வரலாம். ஜேசன் என்று நினைத்துப் பிரிக்கப் போனால், முதல் வரி முதல் எழுத்திலேயே எதிர்பார்த்த மதிப்பு இல்லை என்று பைத்தான் முறையிடும். ஜாவாஸ்கிரிப்டில் இதே நிலை, எதிர்பாராத சிறுகுறி என்று ஒரு கோண அடைப்புக்குறியைக் காட்டும். அந்தக் குறி எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எழுத்து. இந்தச் செய்தியைப் பார்த்தால் ஜேசனை ஆராயாதீர்கள். வந்த உள்ளடக்கத்தின் முதல் இருநூறு எழுத்துகளை அச்சிட்டுப் பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

தமிழ் விக்கிப்பீடியா இன்னொரு பாடம் தருகிறது. அதன் பின்னால் உள்ள மீடியாவிக்கி மென்பொருளின் ஆக்‌ஷன் ஏபிஐ, நீங்கள் தவறான கட்டளை கொடுத்தாலும் 200தான் தரும். ரெய்ஸ்_ஃபார்_ஸ்டேட்டஸ் ஒன்றும் சொல்லாது. பிழை, ஜேசனுக்குள் எரர் என்ற பகுதியில், ஒரு குறியும் ஒரு விளக்கமுமாக இருக்கும். இன்னும் நுணுக்கமான நிலையும் உண்டு. இல்லாத ஒரு கட்டுரைத் தலைப்பைக் கேட்டால் 200 வரும், எரர் பகுதியும் இருக்காது. பக்கங்களின் பட்டியலில் அந்தத் தலைப்பு வரும். அதன் பக்கத்தில் மிஸ்ஸிங் என்று ஓர் அடையாளம் மட்டும் இருக்கும். பழைய வடிவத்தில் அதன் எண் -1 என்று வரும். இந்த அடையாளத்தைச் சோதிக்காத நிரல், அடுத்த வரியில் கட்டுரையின் உரையைத் தேடப்போய் கீஎரர் கொடுத்து விழும். படிக்கிறவர் விக்கிப்பீடியாவில் கோளாறு என்று நினைப்பார். உண்மையில் அது நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கிறது. வேண்டிய புலங்களை மட்டும் கேட்டு வாங்க உதவும் கிராஃப்கியூஎல் வகை ஏபிஐகளும் பெரும்பாலும் 200க்குள்ளேயே பிழைப் பட்டியலை வைத்துத் தருபவை.

204 வந்தால் உள்ளடக்கமே இருக்காது. அதையும் ஜேசனாகப் பிரிக்க முயலாதீர்கள்.

ஐந்தாம் படி: மறுமுயற்சியை அளந்து செய்யுங்கள்

எதை மறுபடி அனுப்பலாம் என்பதைவிட எதை அனுப்பக் கூடாது என்பதில் கவனம் வையுங்கள். கெட், புட் (முழுவதுமாக மாற்றி எழுதுவது), டிலீட் (நீக்குவது) ஆகியவற்றை ஒரு முறை செய்தாலும் பல முறை செய்தாலும் சர்வரின் இறுதி நிலை ஒன்றுதான் என்று எச்டிடிபி விதி சொல்கிறது. போஸ்டுக்கு அந்த உறுதி கிடையாது. கிட்ஹப்பில் ஒரு புதிய இஷ்யூவை (ஒரு குறையைச் சுட்டும் குறிப்பு) பதிவு செய்ய போஸ்ட் அனுப்புகிறீர்கள். பதிலுக்குக் காத்திருக்கும்போது நேரம் கடந்துவிடுகிறது. சர்வர் இஷ்யூவை உருவாக்கிவிட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். உருவாக்கவே இல்லாமலும் இருக்கலாம். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால் ஒரே இஷ்யூ இரண்டு முறை பதிவாகும். அதே இடத்தில் பணம் கட்டும் ஏபிஐ இருந்தால், வாடிக்கையாளரின் பணம் இரண்டு முறை போகும்.

இங்கே ரிக்வெஸ்ட்ஸ் ஒரு நல்ல உதவி செய்கிறது. இணைப்பு ஏற்படும் முன்பே நேரம் கடந்தால் கனெக்ட்டைம்அவுட்; இணைந்த பிறகு கடந்தால் ரீட்டைம்அவுட் என்று பிரித்துச் சொல்கிறது. முதலாவதில் கோரிக்கை புறப்படவே இல்லை. போஸ்ட் ஆனாலும் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். இரண்டாவதில் போஸ்ட் என்றால் நிறுத்துங்கள். முதலில் கெட் மூலம் அந்தப் பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்ட்ரைப் போன்ற கட்டண ஏபிஐகள் இதற்கென்றே ஐடெம்பொடென்சி-கீ என்ற ஹெடரை ஏற்கின்றன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு தனித்த சாவி. அதே சாவியோடு இரண்டாம் முறை வந்தால் சர்வர் செயலை மறுபடி செய்யாமல் முதல் முடிவையே திருப்பித் தரும். சாவியை உருவாக்கும் வரி மறுமுயற்சிச் சுழற்சிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய சாவி பிறக்கும். இந்தப் பாதுகாப்பே இல்லாமல் போய்விடும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? ரீட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடர் வந்தால் அது சொல்கிறபடி காத்திருங்கள். அதில் விநாடிகளின் எண்ணிக்கையோ ஒரு தேதியும் நேரமுமோ இருக்கலாம். இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹெடர் இல்லாவிட்டால் 1, 2, 4, 8 விநாடி என்று இரட்டித்துக்கொண்டே போய், 30 விநாடி போல ஓர் உச்சவரம்பில் நிறுத்துங்கள். அந்த எண்ணை அப்படியே பயன்படுத்தாமல், பூஜ்யத்துக்கும் அந்த எண்ணுக்கும் இடையே தற்செயலாக ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் ஒரு நிமிடம் படுத்து எழுந்தால், அதுவரை தோல்வியடைந்த ஆயிரம் நிரல்களும் ஒரே விநாடியில் மறுபடி கேட்கும். ரேஷன் கடைக் கதவு திறந்ததும் மொத்த வரிசையும் முண்டியடிப்பதைப் போல. எழுந்த சர்வர் மறுபடி படுத்துவிடும். தற்செயல் மதிப்பு அந்தக் கூட்டத்தைக் கலைத்துப் பரப்புகிறது.

மூன்று அல்லது நான்கு முயற்சிகள் போதும். மறுமுயற்சியை ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள். தரவு எடுக்கும் செயற்பாடு மூன்று முறை, அதை அழைக்கும் செயற்பாடு மூன்று முறை, அதற்கும் மேலே உள்ளது மூன்று முறை என்று வைத்தால், ஏற்கெனவே திணறும் சர்வருக்கு ஒரு வேலைக்காக 27 கோரிக்கைகள் போகும்.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ரிக்வெஸ்ட்ஸின் அடியில் உள்ள யுஆர்எல்லிப்3 லைப்ரரியின் ரீட்ரை என்ற வகையை, பல கோரிக்கைகளுக்குப் பொதுவான ஒரு செஷனில் பொருத்தினால் போதும். எந்தக் குறியீடுகளுக்கு மறுமுயற்சி என்ற பட்டியலை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். காத்திருப்பை இரட்டிப்பதற்கான காரணியையும் சொல்ல வேண்டும். ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரை அது தானாகவே மதிக்கும். போஸ்டை இயல்பாகப் பட்டியலில் சேர்க்காது, அதை மாற்றாதீர்கள். இருந்தாலும் ஒரு முறையாவது கையால் எழுதிப் பாருங்கள். அப்போதுதான் அது என்ன செய்கிறது என்று புரியும்.

ஆறாம் படி: எக்செப்ட் வரிகளை ஒழுங்குபடுத்துங்கள்

பைத்தான் எக்செப்ட் வரிகளை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே குறிப்பான பிழைகள் மேலே, பொதுவானவை கீழே. எஸ்எஸ்எல்எரர் என்பது கனெக்‌ஷன்எரரின் கிளை. அதை மேலே எழுதாவிட்டால், ஒருபோதும் மாறாத சான்றிதழ்ப் பிழைக்கும் உங்கள் நிரல் வீணாக நான்கு முறை முயலும். கனெக்ட்டைம்அவுட், கனெக்‌ஷன்எரர், டைம்அவுட் இரண்டின் கீழும் வருவது. அதையும் இரண்டுக்கும் மேலே வையுங்கள். ரிக்வெஸ்ட்ஸின் 2.27ஆம் பதிப்பு முதல் ஜேசன் பிரிப்புப் பிழையும் ரிக்வெஸ்ட்எக்ஸெப்ஷனுக்குள் அடங்கும். எந்தப் பிழை என்று சொல்லாத வெறும் எக்செப்டையும், அதன் அடியில் பாஸ் (எதுவும் செய்யாதே) என்று எழுதுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது உங்கள் சொந்த எழுத்துப்பிழைகளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கெட் கோரிக்கைக்கான எலும்புக்கூடு இப்படி இருக்கும் (எளிமைக்காக 401, 403, 500க்கு மேலே சொன்ன தனி விதிகளை விட்டிருக்கிறேன்). சொற்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். பைத்தானுக்கு வரிக்கு வரி மாற்றலாம்.

பெறு (முகவரி):
1 முதல் 4 வரை ஒவ்வொரு முயற்சிக்கும்:
— முயன்று பார்: பதில் = கெட் (முகவரி, டைம்அவுட் 3.05, 27)
— சான்றிதழ்ப் பிழை என்றால்: உடனே மேலே எறி
— இணைப்பு அறுந்தாலோ நேரம் கடந்தாலோ: கடைசி முயற்சி என்றால் மேலே எறி, இல்லையென்றால் காத்திருந்து அடுத்த முயற்சிக்குப் போ
— குறியீடு 429, 502, 503, 504 என்றால்: கடைசி முயற்சி என்றால் மேலே எறி; இல்லையென்றால் ரீட்ரை-ஆஃப்டர் சொன்ன நேரமோ, கணக்கிட்ட நேரமோ காத்திருந்து அடுத்த முயற்சிக்குப் போ
— குறியீடு 400 அல்லது அதற்கு மேல் என்றால்: உள்ளடக்கத்தின் தொடக்கத்தை லாக்கில் எழுதி, மேலே எறி
— ஜேசனாகப் பிரி. பிரிய மறுத்தால் மேலே எறி
— உள்ளே எரர் பகுதி இருந்தால் மேலே எறி
— தரவைத் திருப்பிக் கொடு

இதில் பிழையைப் பிடித்து, வெற்றுப் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும் வரி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிழை ஏற்பட்டதும் வெற்றுப் பட்டியலைத் தருவது புதியவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் தகவல் இல்லை என்பதும் தகவலைப் பெற முடியவில்லை என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், சர்வர் விழுந்த நாளில் உங்கள் நிரல் பயனரிடம் பதிவுகள் எதுவும் இல்லை என்று சொல்லும். அது பொய். அதை நம்பி அவர் எடுக்கும் முடிவுக்கு அந்த ஒரு வரி காரணமாகிவிடும்.

எச்டிடிபிஎரரைப் பிடித்த இடத்தில் அதனுள் இருக்கும் பதிலைப் பார்க்க விரும்பினால் ஒரு நுணுக்கம். பதில் இருக்கிறதா என்று வெறும் இஃப் வைத்துச் சோதிக்காதீர்கள். குறியீடு 400 அல்லது அதற்கு மேல் உள்ள பதிலை ரிக்வெஸ்ட்ஸ் பொய் மதிப்பாகக் கணக்கிடும். பதில் கையிலேயே இருந்தும் இல்லை என்று நிரல் முடிவு கட்டிவிடும். இஸ் நாட் நன் என்று வெளிப்படையாகச் சோதியுங்கள்.

ஏழாம் படி: யாரிடம் என்ன சொல்வது

லாக்கில் எழுத வேண்டியவை: எந்த முகவரி, எந்த முறை, எந்தக் குறியீடு, எத்தனையாவது முயற்சி, எவ்வளவு நேரம் ஆனது, சர்வர் தந்த கோரிக்கை அடையாளம். கிட்ஹப் ஒவ்வொரு பதிலிலும் அப்படி ஓர் அடையாளத்தை ஹெடரில் அனுப்புகிறது. உதவி கேட்டு எழுதும்போது அதைக் குறிப்பிட்டால் அவர்கள் பக்கத்தில் தேடுவது எளிது.

எழுதக் கூடாதது: டோக்கன். நானாக எழுத மாட்டேனே என்று நினைப்பீர்கள். எச்டிடிபிஎரரின் செய்தியில் முழு முகவரியும் இருக்கும். ஏபிஐ சாவியை முகவரியின் வினாப் பகுதியில் (கேள்விக்குறிக்குப் பின் வருவது) வைத்து அனுப்பினால், ஒவ்வொரு 404இலும் அந்தச் சாவி லாக் கோப்பில் போய் உட்காரும். சாவியை ஹெடரில் அனுப்புங்கள். ஹெடரை ஏற்காத ஏபிஐ என்றால், லாக்கில் எழுதும் முன் வினாப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

பயனருக்கு 503 என்ற எண்ணால் பயன் இல்லை. அவர் இப்போது என்ன செய்யலாம் என்பதுதான் அவருக்கு வேண்டும்: இணைப்பைச் சரிபார்க்கவா, பத்து நிமிடம் கழித்து வரவா, மறுபடி உள்நுழையவா, எழுதிய தலைப்பைத் திருத்தவா. அவர் தட்டச்சு செய்தது பத்திரமாக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். பிழைச் செய்தியைப் பார்த்ததும் மனிதர்கள் முதலில் பயப்படுவது அதற்குத்தான்.

எட்டாம் படி: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

பிழைப் பாதையை ஓட்டிப் பார்க்காமல் அது வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. எச்டிடிபிபின் என்ற தளம் இதற்காகவே இருக்கிறது. முகவரியின் முடிவில் ஸ்டேட்டஸ், சாய்கோடு, 503 என்று போட்டால் 503 தரும். எந்தக் குறியீட்டையும் இப்படி வரவழைக்கலாம். டிலே, சாய்கோடு, 10 என்று போட்டால் பத்து விநாடி கழித்துப் பதில் தரும். டைம்அவுட்டை 2 விநாடியாக வைத்து ரீட்டைம்அவுட் வருகிறதா என்று பாருங்கள். எச்டிஎம்எல் என்ற முடிவில் ஒரு வலைப்பக்கம் வரும். அதை ஜேசனாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இல்லாத ஒரு தளப் பெயரைக் கொடுங்கள். டோக்கனில் ஓர் எழுத்தை மாற்றி, ஒரே ஒரு முறை, கிட்ஹப்பிடம் கேளுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் இல்லாத தலைப்பைக் கேளுங்கள். அங்கே கேட்கும்போது யூசர்-ஏஜென்ட் ஹெடரில் உங்கள் கருவியின் பெயரையும் தொடர்பு முகவரியையும் குறிப்பிடுங்கள், அது விக்கிமீடியாவின் விதி.

கடைசியாக, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைஃபையை அணையுங்கள். லாக்கில் வரும் வரிகளை வாசியுங்கள். காத்திருப்பு நேரத்தின் எல்லை இரட்டித்துக்கொண்டே போகிறதா, நான்காவது முயற்சியோடு நிற்கிறதா, திரையில் தெரியும் செய்தி இந்தத் துறையே தெரியாத ஒருவருக்குப் புரியுமா என்று பாருங்கள். பிறகு வைஃபையைப் போட்டுவிட்டு, நிரலை மறுபடி தொடங்காமலே அடுத்த கோரிக்கை போகிறதா என்று சரிபாருங்கள்.